நினைவிழந்தவரின் பாதி வீடு

திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் வரும் கொட்டிவாக்கம், முன்பு மீனவர் குப்பமும் சவுக்குத் தோப்பும் மணல்வெளியுமாக இருந்து, 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு, இன்று மனையின் விலையைக் கேட்டாலே சாதாரண குடும்பஸ்தர் மலைத்துப் போகும் நகர்ப்பகுதியாகிவிட்டது. அங்கே ஒரு தலைமுறைக்கு முன்பு மனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் தனவந்தர்கள் அல்லர். வங்கியிலும் அரசாங்க உத்தியோகத்திலும் பள்ளிக்கூடத்திலும் மாதச் சம்பளம் வாங்கி, சேமநிதியிலிருந்து முன்பணம் எடுத்து, நகைகளை அடகு வைத்து, வீட்டுக் கடனை வருஷக் கணக்கில் கட்டித் தீர்த்தவர்கள். கிரயப் பத்திரத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் அவர்கள் எழுதிக்கொண்டதற்கு, இருவருடைய சம்பாத்தியமும் அதில் கலந்திருந்தது ஒரு காரணம். தமக்குப் பின் துணைவி பிறர் தயவை நாடி நிற்கலாகாது என்ற பிரியமும் கவலையும் மற்றொரு காரணம்.

அவ்வளவு பிரியத்தோடு எழுதப்பட்ட அந்தப் பத்திரமே, இருவரில் ஒருவர் பக்கவாதத்தாலோ மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவாலோ பிரக்ஞை இழந்து படுத்துவிட்டால், அல்லது மறதிநோய் முற்றித் தாம் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாத நிலைக்கு வந்துவிட்டால், மற்றவரின் கைகளைக் கட்டிவிடுகிறது. இது அபூர்வமான துர்ப்பாக்கியம் என்று எண்ணி ஒதுக்கிவிட முடியாது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமானோர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், நம் தேசத்தில் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது. அவர்களை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூக்கின் வழியே குழாயில் ஆகாரம் செலுத்தத் தெரிந்த செவிலியர் வேண்டும். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கப் பலமுள்ள கைகள் வேண்டும். மருந்தும், இயன்முறை வைத்தியமும், அவ்வப்போது ஆஸ்பத்திரி வாசமும் வேண்டும். ஓய்வூதியம் இதற்கெல்லாம் போதாது. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள வீட்டில் குடியிருந்துகொண்டே, அடுத்த மாதச் செவிலியர் கூலிக்கு உறவினரிடம் கடன் கேட்கும் நிலை வருகிறது. வீட்டை விற்றுவிட்டுச் சிறிய இடத்துக்குப் போய், மீந்த பணத்தைக் கொண்டு நோயாளியைக் காப்பாற்றலாம் என்று முடிவு செய்தால், வாங்க வருகிறவரின் வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி, "இரண்டாவது கையெழுத்து யார் போடுவார்?" என்பதுதான்.

சட்டம் இங்கே ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. ஒப்பந்தம் செய்யும் வேளையில் அதன் பொருளை விளங்கிக்கொள்ளவும், அது தம் நலனை எப்படிப் பாதிக்கும் என்று ஆராய்ந்து முடிவு செய்யவும் இயலாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்று 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 11, 12-ஆம் பிரிவுகளில் சொல்கிறது. பத்திரத்தை எழுதிக் கொடுப்பவர் சித்த சுவாதீனமற்றவராகத் தோன்றினால் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சார்பதிவாளருக்குக் கட்டளையிடுகிறது. சரீரம் மட்டும் தளர்ந்து, அறிவு தெளிவாக இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. அவரால் அலுவலகத்துக்கு வர இயலாவிட்டால், விண்ணப்பத்தின் பேரில் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய அதே சட்டம் இடம் தருகிறது. இந்த வேற்றுமையைப் பல குடும்பங்கள் அறியாததால், எழுந்து நடக்க முடியாத, ஆனால் எல்லாம் புரிகிற முதியவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகும் வீண் சிரமமும் நடக்கிறது. ஒன்றுமே புரியாதவரை வீட்டில் வைத்துக்கொண்டு "ரேகை வைத்தால் போதும்" என்று நம்பும் பெருந்தவறும் நடக்கிறது.

அந்த ரேகையைப் பற்றி மனம் திறந்து சொல்லியாக வேண்டும். நினைவற்றுக் கிடப்பவரின் பெருவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிக்கும் காரியத்தை, பேராசைக்காரர்கள் மட்டுமல்லாமல், வேறு வழி தெரியாத நல்லவர்களும், அந்த நோயாளியின் சிகிச்சைக்காகவே, அழுதுகொண்டே செய்துவிடுகிறார்கள். அவர்களுடைய நோக்கம் எத்தனை உத்தமமாயினும், தகுதியற்றவர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்ற விதி, மைனர் ஒருவரைக் குறித்த மோஹரி பீவி வழக்கில் 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த நாள் முதல் அசையாமல் நிற்கிறது. சித்த சுவாதீனமற்றவருக்கும் அது பொருந்தும். பத்து வருஷங்களுக்குப் பின் வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒரு மகனோ, பங்கு கிடைக்காத ஒரு மகளோ வழக்குத் தொடுத்தால், வாங்கியவரின் முதலும் விற்றவரின் நிம்மதியும் ஒன்றாகவே போகும். அதனினும் பெரிய தோஷம் ஒன்று இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒரு காகிதத்தையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாத மனிதரின் விரலை, அவர் அறியாமல் மற்றொருவர் பிடித்து அழுத்துவது, அவர் உயிரோடிருக்கும்போதே அவரை ஒரு பொருளாகக் கருதுவதாகும்.

"பவர் எழுதி வைத்திருக்கிறாரே, அது போதாதா?" என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். போதாது என்ற பதிலைக் கேட்டு அதிர்ச்சி அடையாதவரை நான் இதுவரை கண்டதில்லை. முன்யோசனையோடு, நல்ல நினைவோடு இருந்த நாளிலேயே மனைவிக்கோ மகனுக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து வைத்தவரானாலும், அவருடைய சித்தம் கலங்கிய அன்றே அந்தப் பத்திரம் உயிர் இழந்துவிடுகிறது. அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் முகவரின் அதிகாரம் முடிந்துபோகும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு மரணத்தையும் மனக்கலக்கத்தையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்கிறது. மழைக்கென்று வாங்கிய குடை, மழை தொடங்கியதும் தானாகவே மூடிக்கொள்வதற்கு ஒப்பானது இது. முகவர் பத்திரம் பதிவு செய்ய வரும்போது, அதிகாரம் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்ற மருத்துவர் சான்றைத் தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்கள் கேட்கின்றன. உயிரோடு இருப்பதைக் கேட்கும் அந்த ஏற்பாடு, அறிவோடு இருக்கிறாரா என்பதையும் கேட்டால், செல்லாத பத்திரங்கள் பல தொடக்கத்திலேயே தடுக்கப்பட்டுவிடும்.

நம் முன்னோர் காலத்தில் இந்தத் துன்பம் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பத்தில் கர்த்தா என்ற மூத்தவர் இருந்தார். குடும்பத்தின் அவசியத்துக்காகவோ சொத்தின் நன்மைக்காகவோ அவர் விற்றால், மைனரின் பங்கும் சித்தம் கலங்கியவரின் பங்கும் அந்த விற்பனையால் கட்டுப்பட்டன. ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் 1856-இல் பிரிவி கவுன்சில், பிறருக்காகச் சொத்தை நிர்வகிப்பவரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி, கடன் கொடுப்பவரும் அந்த அவசியம் மெய்தானா என்று நல்லெண்ணத்தோடு விசாரித்தறிய வேண்டும் என்ற கடமையையும் சேர்த்து விதித்தது. நம்பிக்கையும் கண்காணிப்பும் சேர்ந்திருந்த அந்த ஏற்பாடு, கணவனும் மனைவியும் தங்கள் சுயசம்பாத்தியத்தில் ஆளுக்குப் பாதியாக வாங்கிய கொட்டிவாக்கம் வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே கர்த்தா என்று யாரும் இல்லை. சம உரிமையுள்ள இருவர் இருக்கிறார்கள். மனைவி விரும்பினால் தன் பாதியை மட்டும் விற்கலாம் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பாதி வீட்டை வாங்க யார் வருவார்? எந்த வங்கி அதன்மேல் கடன் கொடுக்கும்?

பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். சித்த சுவாதீனமற்ற பிரதிவாதிக்கு அந்த வழக்கின் அளவில் ஒரு காப்பாளரை நீதிமன்றம் நியமிக்கும். பிரிக்க முடியாத வீடானால் விற்றுப் பணத்தைப் பங்கிட 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் வழி சொல்கிறது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த கணவரைப் பிரதிவாதியாக நிறுத்தி ஒரு மூதாட்டி வழக்காட வேண்டும் என்பதும், அது முடியும் வரை நோய் காத்திருக்காது என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். அவ்வழக்கில் உண்மையான விவாதமே இல்லை என்பதுதான் கொடுமை.

இந்தத் திண்டாட்டம் எப்படி உண்டாயிற்று என்று பார்த்தால், அது பழமையின் மிச்சமாக இல்லாமல், அண்மையில் நேர்ந்த ஒரு விடுபடலாகவே தெரிகிறது. சித்தம் கலங்கியவரின் சொத்தைப் பரிபாலிக்க ஆள் நியமிக்கும் முறை 1858-ஆம் வருஷத்துச் சட்டங்களில் இருந்தது. 1912-ஆம் வருஷத்துச் சட்டத்தில் தொடர்ந்தது. 1987-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே அதற்காக ஒதுக்கப்பட்டு, மாவட்ட நீதிமன்றம் விசாரித்து மேலாளரை நியமிக்கவும், அவர் கணக்குக் காட்டவும், அனுமதி பெற்று விற்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் கண்ணியத்தையும் சுயேச்சையையும் உயர்த்திப் பிடித்த மேலான சட்டம். நீதிமன்றம் அறிவித்தாலொழிய, மனநோய் இருப்பதை மட்டும் கொண்டு ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கருதலாகாது என்று அது சொன்னதை நான் முழுமனத்தோடு போற்றுகிறேன். ஆனால் பழைய சட்டத்தை ரத்து செய்தபோது, சொத்துப் பரிபாலனம் பற்றிய அத்தியாயமும் அதனோடு போய்விட்டது; அதன் இடத்தில் வேறொன்றும் வரவில்லை. புதிய சட்டம் அனுமதிக்கும் நியமனப் பிரதிநிதி சிகிச்சையைப் பற்றி மட்டுமே பேசலாம். 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. பழைய காப்பாளர் சட்டம் மைனர்களுக்கு உரியது. ஆக, பச்சைக் குழந்தையின் சொத்துக்குக் காப்பாளர் கிடைப்பார். நினைவிழந்த தாத்தாவின் சொத்துக்குக் கிடைக்கமாட்டார்.

இந்தச் சூனியத்தில்தான் 2024 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு குறிப்பிடத்தக்க தீர்ப்பை வழங்கிற்று. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் கணவர் கோமா நிலையில் கிடந்தார். சிகிச்சைக்குப் பல லட்சம் ரூபாய் செலவாகிவிட்ட நிலையில், தம்மைக் காப்பாளராக நியமித்து, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள கணவரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதிக்க வேண்டும் என்று அவர் நீதிப்பேராணை மனு செய்தார். இப்படிப்பட்ட பரிகாரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, சிவில் நீதிமன்றத்தை அணுகுக என்று தனி நீதிபதி மனுவைத் தள்ளிவிட்டார். மேல்முறையீட்டை விசாரித்த ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி ஆகிய நீதிபதிகள், கோமாவில் இருப்பவரைப் பராமரிப்பது எவ்வளவு கடினமானது, அதற்கு எவ்வளவு பணம் தேவைப்படும் என்பதை உணர்ந்து, அந்தப் பெண்மணியைச் சிவில் நீதிமன்றத்துக்கு விரட்டுவது முறையாகாது என்று கூறி, அவரைக் காப்பாளராக நியமித்தார்கள். பிள்ளைகளுக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத பிரஜைக்கு அரசே பெற்றோர் ஸ்தானத்தில் நிற்க வேண்டும் என்ற புராதனமான கோட்பாட்டை, அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் வழியே, நீதிமன்றம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அத்தீர்ப்பில் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது அது கொடுத்த அனுமதியைக் காட்டிலும், அந்த அனுமதிக்கு அது கட்டிய வேலி. விற்றுக் கிடைக்கும் பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவரின் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை வட்டியை மட்டும் மனைவி எடுத்துக்கொள்ளலாம். கணவர் ஜீவித்திருக்கும் வரை அந்த வைப்பு இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வீடு போனாலும் அதன் பெறுமானத்தில் ஒரு பகுதி, பேச முடியாத மனிதருக்கே உரியதாக நின்றது. இதற்கு முன்னோடியாக 2019-இல் கேரள உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் நெறிமுறைகளையே வகுத்துத் தந்திருந்தது: மருத்துவக் குழு நோயாளியைப் பார்த்து அறிக்கை தர வேண்டும், தாசில்தார் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வீட்டுக்குச் சென்று குடும்ப நிலவரத்தை அறிய வேண்டும், சொத்து விவரம் முழுவதும் வெளியிடப்பட வேண்டும், வாரிசுகள் அனைவருக்கும் தெரிய வேண்டும், நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கொரு முறை கணக்குக் காட்ட வேண்டும். கருணையும் எச்சரிக்கையும் இணைந்த நல்ல வழிமுறை இது.

ஆயினும், ஒவ்வொரு குடும்பமும் உயர்நீதிமன்றத்தின் படியேறி, வக்கீல் கட்டணம் செலுத்தி, நீதிபதிகளின் தயாள சிந்தையை நம்பி நின்றுதான் பரிகாரம் பெற வேண்டும் என்பது ஒரு நாகரிக தேசத்துக்கு அழகாகாது. கொட்டிவாக்கத்து ஓய்வூதியருக்கு உயர்நீதிமன்றம் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. திருக்கோயிலூரில் உள்ளவருக்கும் தென்காசியில் உள்ளவருக்கும் அப்படியில்லை. மேலும், கோமா என்பது மருத்துவர் பார்த்தவுடன் நிச்சயிக்கக்கூடிய நிலை. மறதிநோய் அப்படிப்பட்டதன்று, காலையில் தெளிந்தும் மாலையில் கலங்கியும், ஒரு வருஷம் கையெழுத்திடவும் மறு வருஷம் பேனாவையே மறக்கவும் செய்து, அது படிப்படியாக மனிதரைக் கொண்டு போகிறது. அந்தச் சரிவின் எந்தப் படியில் அவர் தகுதி இழந்தார் என்று பின்னாளில் நீதிமன்றம் தேடுவதைவிட, முதல் படியிலேயே அவர் தம் விருப்பத்தைத் தாமே சொல்லிவைக்க வழி இருப்பதல்லவா சிலாக்கியம்?

அந்த வழியைப் பிற தேசங்கள் கண்டிருக்கின்றன. சித்தம் கலங்கிய பின்னும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்தை இங்கிலாந்து 1985-ஆம் வருஷத்திலேயே சட்டமாக்கி, 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தால் இன்னும் செப்பனிட்டது. நம் தமிழ் மக்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூர், 2008-இல் இயற்றிய மனத்தகுதிச் சட்டத்தால் அதே உரிமையைத் தன் குடிமக்களுக்குக் கொடுத்து, அதைக் கண்காணிக்கப் பொதுக் காப்பாளர் அலுவலகம் ஒன்றையும் வைத்திருக்கிறது. நமக்கு 201-ஆம் பிரிவைத் தந்த ஆங்கிலேயரே தம் நாட்டில் அந்த விதியைத் தளர்த்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. நாம் அதை 1872-இல் எழுதியபடியே வைத்திருக்கிறோம்.

நம் சட்டத்திலேயே உள்ள ஒரு முரண்பாட்டைப் பாருங்கள். மீளாத நோயில் தமக்குச் செயற்கைச் சுவாசம் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்து, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியும் கொடுத்தது. மனநலம் குன்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னதாகவே எழுதிவைக்க 2017-ஆம் வருஷத்துச் சட்டம் உரிமை தருகிறது. இறந்த பின் சொத்து யாருக்கு என்று உயில் எழுதலாம். தம் உயிரைக் குறித்தும், தம் உடலைக் குறித்தும், தாம் போன பிற்பாட்டைக் குறித்தும் முன்கூட்டியே பேச அனுமதிக்கப்பட்ட மனிதருக்கு, தாம் உயிரோடிருந்து நினைவற்றிருக்கும் காலத்தில் தம் வீட்டை யார் விற்கலாம், அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று சொல்ல மட்டும் வாயில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது அற்பமானதன்று. அப்படிப்பட்ட நிலைத்த அதிகாரத்தைக் கையில் கொடுத்தால், தகப்பனாரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டை அடுக்குமாடி கட்டுபவரிடம் ஒப்படைக்கும் பிள்ளைகள் பெருகமாட்டார்களா என்று கேட்கிறார்கள். கடற்கரையோர மனைகளின் விலை ஏறியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த அச்சம் நியாயமானதே. தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்குக் கையேந்திய பெற்றோரின் கதைகளைக் கேட்ட பிறகுதான், பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தச் செட்டில்மெண்டையே செல்லாதாக்கலாம் என்ற 23-ஆம் பிரிவு 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் இந்த அச்சத்துக்குத் தகுந்த மறுமொழி அதிகாரத்தையே மறுப்பதன்று. மறுத்தால், தீயவர்கள் ரேகை பதித்துக் காரியத்தை முடித்துக்கொள்வார்கள், சட்டத்துக்கு அஞ்சும் நல்லவர்கள் மட்டுமே அவதிப்படுவார்கள். அதிகாரத்துக்கு வேலி கட்டுவதே வழி. அது பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருக்க வேண்டும். எழுதும் நாளிலேயே அவர் தெளிவாக இருந்தார் என்று மருத்துவர் சான்று வேண்டும். தகுதி இழந்ததை இரு மருத்துவர்கள், ஒருவர் மனநல அல்லது நரம்பியல் நிபுணராக, உறுதி செய்த பிறகே அது செயலுக்கு வர வேண்டும். குடியிருக்கும் வீட்டை விற்பதானால் மாவட்ட நீதிபதியின் அனுமதி சுருக்கமான விசாரணைக்குப் பின் பெறப்பட வேண்டும். நோயாளியின் பங்குப் பணம் அவர் பெயரிலேயே வைப்பாக நிற்க வேண்டும். உயர்நீதிமன்றம் ஒரு குடும்பத்துக்குச் செய்ததை எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக்குவதே நான் வேண்டுவது.

ஒப்பந்தமும் சொத்து மாற்றமும் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளவை. ஆகவே, மத்திய அரசு திருத்தும் வரை காத்திராமல், தமிழ்நாடு சட்டமன்றமே 201-ஆம் பிரிவுக்கு இம்மாநிலத்தளவில் ஒரு திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். பதிவுச் சட்டத்துக்கு இந்த மாநிலம் தனக்கென்று திருத்தங்கள் செய்துகொண்டதுண்டு. 1865-ஆம் வருஷத்துச் சாசனத்தின் 17-ஆம் பிரிவால் மைனர்களையும் சித்தம் கலங்கியவர்களையும் அவர்களுடைய உடைமையையும் காக்கும் அதிகாரத்தைப் பெற்ற சென்னை உயர்நீதிமன்றமும், கேரளம் வகுத்ததைப் போன்ற நெறிமுறைகளை வகுத்து, மறதிநோயாளர்களையும் அவற்றில் சேர்த்து, மாவட்ட நீதிமன்றங்கள் பின்பற்றும்படி செய்ய வேண்டும்.

அதுவரையில், கூட்டாக வீடு வைத்திருக்கும் மூத்த தம்பதிகள் எல்லோருக்கும் என் விண்ணப்பம் இது. இருவரும் தெளிந்த நினைவோடு இருக்கும் இப்போதே, பிள்ளைகளையும் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு நல்ல வக்கீலிடம் ஆலோசனை கேளுங்கள். வீட்டை ஒரு குடும்ப அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றினால், அறங்காவலரின் அதிகாரம் உங்கள் நினைவு மங்கினாலும் முடிந்துபோகாது. அதற்கு முத்திரைச் செலவு உண்டு, எல்லோருக்கும் அது ஏற்றதென்று சொல்லமாட்டேன். பெரிய வீடு இனி வேண்டாம் என்று இருவரும் எண்ணினால், விற்பனையை நோய் வரும் வரை ஒத்திப்போடாதீர்கள். மறதியின் முதல் அடையாளம் தெரிந்தவுடன் மருத்துவரிடம் தகுதிச் சான்று பெற்று, அந்தத் தெளிவு இருக்கும் காலத்திலேயே செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். நினைவு போய்விட்ட பிறகு, யார் எவ்வளவு வற்புறுத்தினாலும், வாங்குபவர் எத்தனை லட்சம் கூடத் தருவதாகச் சொன்னாலும், அந்தப் பெருவிரலைத் தொடாதீர்கள், உயர்நீதிமன்றத்துக்குப் போங்கள்.